மூடிய பக் ஏன் மறுபடி திறக்கிறது?

கேள்வி: வேலையில் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. ஒரு வெப் அப்ளிகேஷனில் ஃப்ரண்ட் எண்ட், பேக் எண்ட் இரண்டும் பார்க்கிறேன். ‘முடிந்தது’ என்று மூடும் பக்குகளில் (மென்பொருள் பிழைகளில்) பாதி திரும்பி வந்துவிடுகின்றன. புல் ரிக்வெஸ்ட் (கோட் மாற்றத்தைச் சேர்க்கும் முன் மற்றவர்கள் பார்வைக்கு வைப்பது) அனுப்பினால் முப்பது, நாற்பது கமெண்ட். சீனியரிடம் கேட்கக் கூச்சப்பட்டு நாள் முழுக்க ஒரே இடத்தில் முட்டிக்கொண்டு நிற்பதும் உண்டு. இன்னொரு ஃப்ரேம்வொர்க் படித்தால் சரியாகுமா? எதை முதலில் திருத்திக்கொள்ள வேண்டும்?

பதில்: ஃப்ரேம்வொர்க் இப்போதைக்கு வேண்டாம். நீங்கள் சொல்லும் எதுவும் படிப்பு போதாமல் வருவதாகத் தெரியவில்லை. என்ன நடக்கிறது என்று தெரியும் முன்பே கோடில் கை வைக்கிறீர்கள்; செய்ததை மற்றவர்களுக்குத் தாமதமாகக் காட்டுகிறீர்கள். இரண்டுமே ஆரம்ப வருடங்களில் ஏறக்குறைய எல்லோருக்கும் இருக்கும் பழக்கங்கள்.

திரும்பி வரும் பக்கை முதலில் பார்ப்போம். ஒரு படிவத்தில் பயனர் 2024 மார்ச் 1 என்று தேதி தேர்ந்தெடுக்கிறார். டேட்டாபேஸில் பிப்ரவரி 29 என்று பதிவாகிறது. ஜாவாஸ்கிரிப்ட்டில் இது அடிக்கடி நடக்கும் கூத்து. சேமிக்கும் இடத்தில் ஒரு நாளைக் கூட்டிவிடுவதுதான் சட்டென்று தோன்றும் தீர்வு. உங்கள் கணினியில் தேதி சரியாகிவிடும், பக்கைப் பதிவு செய்த டிக்கெட்டும் மூடப்படும். அடுத்த வாரம் வேறொரு நாட்டுப் பயனருக்கு மார்ச் 2 என்று பதிவாகி, அதே டிக்கெட் உங்கள் பெயரிலேயே திறக்கும்.

உள்ளே நடந்தது இதுதான். தேதி தேர்வுப் பெட்டி கொடுத்தது, பயனரின் உள்ளூர் நேரப்படி மார்ச் 1 நள்ளிரவு 12 மணி. அதை சர்வருக்கு அனுப்ப டுஐஎஸ்ஓஸ்ட்ரிங் (toISOString) என்ற ஃபங்ஷனைக் கூப்பிட்டதும் அது யுடிசி என்ற உலகப் பொது நேரமாக மாறிவிட்டது. யுடிசிக்கு முன்னால் ஓடும் எந்த நேர மண்டலத்திலும் உள்ளூர் நள்ளிரவு என்பது யுடிசியில் முந்தைய நாள்தான். யுடிசிக்குப் பின்னால் இருப்பவருக்கு இந்தப் பிரச்சினையே இல்லை. அவருக்கு நீங்கள் கூட்டிய ஒரு நாள்தான் பக். பிறந்த தேதி, விடுப்புத் தேதி போன்றவற்றுக்கு மணி, நிமிடம் எதுவும் கிடையாது. அதனால் வருடம், மாதம், நாள் மூன்றையும் உள்ளூர் மதிப்பாகவே எடுத்து ‘2024-03-01’ என்ற வெறும் எழுத்துத் தொடராக அனுப்பி, டேட்டாபேஸில் டைம்ஸ்டாம்ப்பாக இல்லாமல் டேட் வகை நெடுவரிசையில் வைக்க வேண்டும். (மாதத்தை ஜாவாஸ்கிரிப்ட் 0-இலிருந்து எண்ணும், மார்ச் என்றால் 2 என்று வரும். அங்கே ஒன்று கூட்டுவது மட்டும் நியாயமான கூட்டல்.)

நேர மண்டலம் பற்றித் தெரியாமல் இருந்ததில் குற்றமில்லை. ஒரு நாள் ஏன் குறைந்தது என்று சொல்ல முடியாத நிலையில் கோடை மாற்றியதுதான் தவறு. ஆகவே இனி எந்தப் பக்கிலும் கோடைத் தொடும் முன் ‘இது நடப்பதற்குக் காரணம் இன்னது’ என்று டிக்கெட்டில் ஒரே ஒரு வரி எழுதுங்கள். எழுத வரவில்லை என்றால் இன்னும் தேட வேண்டியிருக்கிறது என்று அர்த்தம்.

தேடுவதற்கும் முறை இருக்கிறது. முதலில் பக்கை உங்கள் கணினியில் வேண்டும்போதெல்லாம் வரவழைக்க முடிய வேண்டும். எர்ரர் வந்தால் அதை முழுதாகப் படியுங்கள். பைத்தானில் உண்மையான எர்ரர், ட்ரேஸ்பேக்கின் (எர்ரர் வந்த வழியைக் காட்டும் பட்டியலின்) கடைசி வரியில் இருக்கும். ஜாவாவில் ‘காஸ்டு பை’ (Caused by) என்று பல இடத்தில் வந்தால் பெரும்பாலும் கடைசியாக இருப்பதுதான் மூலம். அங்கிருந்து லைப்ரரி வரிகளைத் தாண்டி, உங்கள் கோடின் பெயர் வரும் முதல் வரியில் நில்லுங்கள். போன மாதம் சரியாக ஓடியது இப்போது ஓடவில்லை என்றால் கோடின் மாற்ற வரலாற்றை வைத்திருக்கும் கிட்டில் பைசெக்ட் என்ற கட்டளை இருக்கிறது: ஓடிய ஒரு கமிட் (பதிவான மாற்றம்), ஓடாத ஒரு கமிட் இரண்டையும் சொன்னால், நடுவில் பாதி பாதியாக வெட்டிக்கொண்டே போகும். நடுவில் 1,000 கமிட் இருந்தாலும் சுமார் 10 சோதனையில் குற்றவாளி பிடிபடும். காரணம் தெரிந்ததும் அந்தப் பக்கில் தோற்கும் ஒரு டெஸ்ட்டை எழுதிவிட்டுத் திருத்துங்கள். திருத்துவதற்கு முன்பே டெஸ்ட் பச்சை காட்டினால் (தேறிவிட்டால்), நீங்கள் பிடித்தது வேறு எதையோ.

எர்ரரே வராமல் தவறான விடை மட்டும் வருகிறது என்றால், யாரோ எர்ரரைப் பிடிக்கும் ட்ரை–கேட்ச் போட்டு கேட்ச்சை வெறுமையாக விட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். பெரும்பாலும் விட்டிருப்பார்கள். அந்த யாரோ நீங்களாக இருக்க வேண்டாம். கையாளத் தெரியாத எக்ஸெப்ஷனை மேலே போக விடுவதே மேல்.

அடுத்து நாற்பது கமெண்ட். புல் ரிக்வெஸ்ட்டின் அளவைப் பாருங்கள். அது 1,000 வரியைத் தாண்டியிருந்தால் கமெண்ட் எண்ணிக்கைக்கு வேறு காரணம் தேட வேண்டாம். 200 முதல் 400 வரி வரை ஒருவரால் கவனத்தோடு படிக்க முடியும். அதற்கு மேல் போனால், பொறுமைசாலி எல்லாவற்றையும் கேட்பார், பொறுமையில்லாதவர் படிக்காமலே அப்ரூவ் செய்வார். இரண்டாவதுதான் ஆபத்து.

அளவு பெருகுவதற்கு முக்கியக் காரணம், கேட்ட மாற்றத்தோடு சேர்த்துப் பெயர் மாற்றுவது, ஃபைலை இடம் மாற்றுவது, ஃபார்மேட்டர் ஓட்டுவது. இவை தனி புல் ரிக்வெஸ்ட்டாக முன்னால் போகட்டும். 3 வரி லாஜிக் மாற்றத்தை 300 வரி இடைவெளி மாற்றத்துக்குள் புதைத்தால் ரிவ்யூ செய்பவரின் கண்ணில் அது படவே படாது. பெரிய வேலை என்றால் கோட் எழுதும் முன்பே, எந்த டேபிள், எந்த ஏபிஐ, யார் யாரைக் கூப்பிடுவது என்று பத்து வரியில் எழுதி டீம் லீடிடம் காட்டுங்கள். டிசைனே தவறு என்ற கமெண்ட் ஐந்தாம் நாளில் வருவதை அது தடுக்கும். அனுப்பும் முன் டிஃப்பை (எந்தெந்த வரி மாறியது என்ற பட்டியலை) நீங்களே ஒருமுறை ரிவ்யூ செய்பவரைப் போலப் படியுங்கள். மறந்துபோன பிரிண்ட் வரிகளும், கமெண்ட் செய்து விட்டுவைத்த பழைய கோடும் அங்கேயே சிக்கும்.

பேக் எண்டில் திரும்பத் திரும்ப வரும் ஒரு கமெண்ட்டைத் தனியாகச் சொல்ல வேண்டும். 100 ஆர்டர்களை ஒரு க்வெரியில் (டேட்டாபேஸிடம் கேட்கும் ஒரு கேள்வியில்) எடுத்துவிட்டு, லூப்புக்குள் ஒவ்வொரு ஆர்டருக்கும் வாடிக்கையாளர் பெயரைக் கேட்டால் ஓஆர்எம் (கோடுக்கும் டேட்டாபேஸுக்கும் நடுவே நிற்கும் லைப்ரரி) சத்தமில்லாமல் இன்னும் 100 க்வெரி அனுப்பும். உங்கள் கணினியில் பத்து ரெக்கார்டுதான், டேட்டாபேஸும் அதே கணினியில், அதனால் தெரியாது. புரொடக்‌ஷனில் ஒரு க்வெரி போய்வர 2 மில்லிசெகண்ட் என்று வைத்தாலும் 101 க்வெரிக்கு 200 மில்லிசெகண்டைத் தாண்டும். க்வெரி லாக்கை ஆன் செய்து, ஒரு பக்கத்துக்கு எத்தனை க்வெரி போகிறது என்று எண்ணிப் பார்த்துவிட்டு, ஜாயின் மூலமோ ஓஆர்எம்மின் முன்கூட்டியே ஏற்றும் வசதி மூலமோ ஒன்று, இரண்டாகக் குறையுங்கள்.

கூச்சத்துக்கு ஒரு கால வரம்பு போதும். 45 நிமிடம் நீங்களே முயலுங்கள். புதிதாக எதுவும் தெரியவரவில்லை என்றால் கேளுங்கள். ‘ஹாய், ஃப்ரீயா?’ என்று போட்டுவிட்டுக் காத்திருக்காமல், என்ன எதிர்பார்த்தீர்கள், என்ன நடந்தது, எதையெல்லாம் முயன்றீர்கள் என்பதை ஒரே மெசேஜில் எழுதுங்கள். எர்ரரை ஸ்கிரீன்ஷாட்டாக அனுப்பாமல் எழுத்தாகவே ஒட்டுங்கள். அவர் அதை அப்படியே எடுத்துத் தேட முடியும். எழுதும்போதே பாதி நேரம் விடை உங்களுக்கே கிடைத்துவிடும், அனுப்ப வேண்டியிருக்காது.

நீங்கள் கேட்காத, ஆனால் ஒருமுறை நடந்தாலும் பெரிதாகிவிடும் இரண்டு விஷயங்கள் உண்டு. புரொடக்‌ஷன் டேட்டாபேஸில் டெலீட், அப்டேட் ஓட்ட நேர்ந்தால் முதலில் அதே வேர் (WHERE) நிபந்தனையோடு செலக்ட் ஓட்டி எத்தனை வரி என்று பாருங்கள். பிறகு பிகின் போட்டு டெலீட்டை ஓட்டுங்கள். எண்ணிக்கை ஒத்துப்போனால் கமிட் (மாற்றத்தை உறுதிசெய்வது), இல்லையென்றால் ரோல்பேக் (பழைய நிலைக்குத் திரும்புவது). பெரும்பாலான டூல்களில் ஆட்டோகமிட் (ஒவ்வொரு கட்டளையும் உடனே உறுதியாவது) இயல்பாகவே ஆனில் இருப்பதால், பிகின் இல்லாமல் ஓட்டிய டெலீட்டை ரோல்பேக் செய்ய வழியில்லை. மைஎஸ்கியூஎல்லில் ஆல்டர் டேபிள், ட்ராப் டேபிள் இரண்டும் பிகின் போட்டாலும் ரோல்பேக் ஆகாது.

இன்னொன்று, ஏபிஐ கீயோ (வேறொரு சேவையைப் பயன்படுத்தத் தரும் ரகசியச் சாவி) பாஸ்வேர்டோ தவறுதலாக கிட்டில் ஏறுவது. அடுத்த கமிட்டில் அந்த வரியை நீக்கினால் போய்விட்டது என்று நினைப்பார்கள். பழைய கமிட்டில் அது அப்படியே இருக்கும், வரலாற்றை மாற்றி எழுதினாலும் ஏற்கெனவே இறக்கியவர்களின் கணினியில் இருக்கும். எனவே முதல் வேலை, அந்தக் கீயைச் செல்லாததாக்கிப் புதியது எடுப்பது. அடுத்தது, டீம் லீடிடம் அப்போதே சொல்வது. கிட் வரலாற்றைச் சுத்தம் செய்வதெல்லாம் அதற்குப் பிறகு நிதானமாக நடக்கலாம்.