குதிரைமேல் அமர்ந்தால் கால் விறைப்பு தளருமா?

கேள்வி: குறைமாதத்தில் பிறந்த என் 6 வயது மகளுக்குப் பெருமூளை வாதம். இரண்டு கால்களும் விறைத்திருக்கின்றன. வாக்கரைப் பிடித்துச் சில அடிகள் நடப்பாள். பிசியோதெரபி என்றாலே அழுகிறவள், உறவினர் நடத்தும் குதிரையேற்றப் பள்ளியில் ஒரு குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு இறங்க மறுக்கிறாள். இதனால் குணமாகுமா? பிசியோதெரபியை நிறுத்திவிடலாமா?
- வாசகி, கோயம்புத்தூர்

பதில்: நிறுத்த வேண்டாம். வளரும் மூளையில் ஏற்பட்ட பாதிப்பின் விளைவே பெருமூளை வாதம். அந்தப் பாதிப்பை எந்தக் குதிரையும் ஆற்றிவிடாது. ஆனாலும் உங்கள் மகள் இறங்க மறுப்பதை வெறும் பிடிவாதம் என்று தள்ளிவிடாதீர்கள்.

நடக்கும் குதிரையின் முதுகு மேலும் கீழுமாகவும் முன்னும் பின்னுமாகவும் பக்கவாட்டிலும் அசைகிறது. நாம் நடக்கும்போது நம் இடுப்பு அசைவதை இது பெரிதும் ஒத்திருப்பதால், தானாக நடந்து பழகாத குழந்தையின் முதுகுத் தசைகள் குதிரையின் ஒவ்வோர் அடிக்கும் உடலை நிமிர்த்திச் சமன்செய்யப் பழகுகின்றன. கத்தரிக்கோல்போல் பின்னிக்கொள்ளும் தொடைகள், நம் உடலைவிடச் சற்றே வெதுவெதுப்பான அந்த அகன்ற முதுகின் இருபுறமும் விரிந்திருக்கையில் சிறிது தளர்வதும் உண்டு. உட்காரும் திறன் மேம்படுவதாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன. அவை பெரும்பாலும் சிறிய ஆய்வுகள் என்பதால் பெரிய வாக்குறுதி எதையும் என்னால் தர இயலாது.

போலியோவால் முழங்காலுக்குக் கீழே செயலிழந்த டென்மார்க் நாட்டு லிஸ் ஹார்டெல் 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் குதிரையேற்றத்தில் வெள்ளி வென்றதை யாரேனும் உங்களுக்குச் சொல்லக்கூடும். உண்மைதான், ஆனால் அவர் நோய் வருமுன்பே தேர்ந்த குதிரை வீராங்கனை, அவருடைய நோயும் வேறு.

தசையைவிட எனக்கு முக்கியமாகத் தோன்றுவது அந்தக் குதிரைமீது அவள் வைத்திருக்கும் பிரியம். என்னிடம் வந்த ஒரு சிறுவனுக்கு வலக்கை எப்போதும் மூடியே இருக்கும். கேரட்டை விரலால் பிடித்து நீட்டினால் குதிரை விரலையும் சேர்த்துக் கவ்விவிடும், உள்ளங்கையை விரித்து அதன்மேல் வைத்துத்தான் கொடுக்க வேண்டும் என்று குதிரைக்காரர் சொன்னதும், நாங்கள் மாதக்கணக்கில் கெஞ்சியும் திறக்காத கையை அவனே மறுகையால் விரல் விரலாகப் பிரித்தான்.

தொடர்வதற்கு முன் இடுப்பு எக்ஸ்ரே ஒன்று அவசியம். இத்தகைய குழந்தைகளுக்குத் தொடை எலும்பின் தலை மூட்டுக் கிண்ணத்திலிருந்து வலியே இல்லாமல் விலகியிருக்கலாம். அந்நிலையில் கால்களை அகட்டி உட்காரவைப்பது தீங்காகும். கட்டுப்படாத வலிப்பு இருந்தாலும் ஏற்றக் கூடாது. தலைக்கவசம் வேண்டும், குதிரையை நடத்த ஒருவரும் குழந்தையின் இருபுறமும் ஒவ்வொருவரும் வேண்டும், உங்கள் பிசியோதெரபிஸ்டை ஒருமுறையாவது அங்கே அழைத்துச் செல்லுங்கள். பெரியவர் ஒருவர் மடியில் வைத்துக்கொண்டு சவாரி செய்வது வேண்டாம்.

ஏறுவதற்கு முன் ஒருவர் குதிரையைப் பிடித்திருக்க, நீங்கள் பின்னாலிருந்து இடுப்பைத் தாங்கிக்கொள்ள, பத்து நிமிடம் நின்றபடியே அவளைக் குதிரைக்குப் பிரஷ் போடச் சொல்லுங்கள். அவள் அழுது மறுக்கும் நிற்கும் பயிற்சி அதுதான். அதை அவளிடம் சொல்ல வேண்டியதில்லை.