ஆறு கட்டை

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் முதுகலை இசை மாணவி. கிராமபோன் காலத்துப் பாடகியர் பற்றி ஆய்வேடு எழுதுகிறேன். பாடத்தான் வந்தேன், பெயரும் ஆண்டும் சேகரித்தே பொழுது போகிறது. இசை வரலாற்றை ஆராய்வதால் ஒரு மாணவிக்கு என்னதான் கிடைக்கும்? தமிழில் எழுதினால் வேலை கிடைக்குமா? இணையத்தில் கேட்டவரை ஒன்று புரிகிறது: அந்தக் காலத்தில் எல்லோரும் ஆறு கட்டை என்னும் உயர்ந்த சுருதியில், அசுர வேகத்தில் பாடியிருக்கிறார்கள். இன்று அந்தக் குரல் யாருக்கும் இல்லை. ஆனால் இந்துஸ்தானிப் பாடகி கௌஹர் ஜான் பாட்டின் முடிவில் தன் பெயரைத் தானே கத்துவது அருவருப்பாக இருக்கிறது.

ர.

அன்புள்ள ர.,

தமிழிலேயே எழுதுங்கள். வேலையைப் பற்றி உங்கள் வழிகாட்டியிடம் கேளுங்கள். கடைசி வரிகள்தான் என்னை உட்காரவைத்தன. நானும் கொஞ்ச நாளாகப் பழைய இசைத்தட்டுகளோடுதான் இருக்கிறேன்.

அருவருப்பு என்று இனி எழுதாதீர்கள். 1902-ல் கல்கத்தாவில் கௌஹர் ஜான் பாடியது மெழுகில் பதிவானது. அது கப்பலேறி ஜெர்மனியின் ஹானோவருக்குப் போய், அங்கேதான் தட்டாக அச்சானது. அங்கிருந்த தொழிலாளிக்கு இந்தப் பாஷையும் தெரியாது, பாடியவரையும் தெரியாது. எந்தத் தட்டுக்கு எந்த லேபிள் என்று அவன் கண்டுபிடித்தாக வேண்டும். அதற்காகத்தான் மூன்று நிமிடப் பாட்டை முடித்த மூச்சோடு ஆங்கிலத்தில் தன் பெயரைச் சொன்னார்.

சரி, ஆறு கட்டைக்கு வருகிறேன். எந்த வேகத்தில் ஓடிய தட்டைக் கேட்டீர்கள்? நிமிடத்துக்கு 78 சுற்று என்று சொல்கிறோமே தவிர, ஆரம்பகாலத் தட்டுகள் எல்லாம் சரியாக 78-ல் பதிவானவை அல்ல. 74 சுற்றில் பதிந்ததை 78-ல் ஓட்டினால் சுருதி ஏறக்குறைய அரைக் கட்டை ஏறிவிடும். காலப்பிரமாணமும், அதாவது பாட்டின் வேகமும், கூடவே ஓடும். இணையத்தில் ஏற்றியவர் இதைக் கவனித்தாரா? கேட்காமலே ஒரு தலைமுறைக் குரல்களுக்குத் தீர்ப்பு எழுதிவிட்டீர்கள். இன்றைய பாடகியரையும் சேர்த்து அடித்திருக்கிறீர்கள்.

அவர்கள் மேல்சுருதியில் பாடியதும் உண்மைதான். கச்சேரியில் மைக் கிடையாது. பதிவிலும் 1925 வாக்கில் மைக் வரும்வரை கூம்புக் குழாய்க்குள் முகத்தை வைத்துத்தான் பாட வேண்டும். தொண்டை ஏறியது எவ்வளவு, தட்டு ஏற்றியது எவ்வளவு என்று பிரிப்பதுதானே அம்மா ஆய்வு?

எங்கள் பெரியம்மா வீட்டில் சாவி கொடுக்கும் கிராமபோன் இருந்தது. ஸ்பிரிங் தளரத் தளரப் பாட்டு கீழே இறங்கும். முறத்தில் அரிசி புடைத்தபடி பெரியம்மாவும் கூடவே பாடிக்கொண்டு இறங்குவாள்; யாராவது சாவி கொடுத்தால் இருவரும் சேர்ந்தே ஏறுவார்கள். பள்ளிக்கூடம் போகாதவள். கேட்பது பாடகியின் சுருதி அல்ல, பெட்டியின் சுருதி என்று அவள் காதுக்குத் தெரிந்திருந்தது. முதுகலை படிக்கும் உங்களுக்கு அந்தச் சந்தேகமே வரவில்லையே என்பதுதான் என் கோபம்.

யூடியூபில் வேகத்தைக் குறைத்தால் சுருதி மாறாது, அதனால் பயனில்லை. ஆடாசிட்டி என்ற ஒலித்திருத்த மென்பொருளில் வேகமும் சுருதியும் சேர்ந்து இறங்கும்படி மாற்றுங்கள். எங்கே நிறுத்துவது? நீங்கள் முகம் சுளித்த அந்த அறிவிப்பில். பாட்டில் ஏமாறும் காது பேச்சில் அவ்வளவு சுலபமாக ஏமாறாது. பேசும் குரல் பொம்மைபோலக் கீச்சிட்டால் தட்டு வேகமாக ஓடுகிறது. மனுஷி பேசுவதுபோல் கேட்கும் இடத்தில் நிறுத்தி, சுருதிப்பெட்டியோடு ஒத்துப் பாருங்கள். துல்லியமாக வராது, ஆனால் ஆறு கட்டை என்று கண்ணை மூடிக்கொண்டு எழுத மாட்டீர்கள்.

அறிவிப்பு உள்ள தட்டுகளாகப் பார்த்து எடுங்கள். கௌஹர் ஜானோடு நிற்காமல் கோயம்புத்தூர் தாயி, சேலம் கோதாவரி என்று நம் பக்கத்துப் பாடகியரையும் தேடுங்கள். பாடத்தான் வந்தேன் என்றீர்களே, கிடைத்த கட்டையில் அதே பாட்டை மைக் இல்லாமல் நீங்களும் பாடிப் பாருங்கள். எது எத்தனை கட்டையில் நின்றது என்று எனக்கு எழுதுங்கள்.