பழைய டாங்கிளில் புது சிம் போட்டால் லேப்டாப்பில் நெட் வருமா?

பெரியபட்டினத்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள்: இரவல் வாங்கிய பழைய யுஎஸ்பி டாங்கிளில் ஜியோ சிம் போட்டு லேப்டாப்பில் செருகினால் சிடி டிரைவ் மாதிரி ஏதோ காட்டுகிறது, நெட் வரவில்லை, என்ன செய்வது என்று.

சிடி டிரைவ் காட்டுவதை நினைத்துக் கவலைப்படாதீர்கள். டாங்கிளுக்கு வேண்டிய மென்பொருள் அதற்குள்ளேயே இருக்கிறது. செருகியதும் முதலில் சிடி போல நிற்கும். அதைத் திறந்து செட்டப்பை ஓட்டி முடித்தால் மோடமாக மாறிவிடும். லினக்ஸ் வைத்திருந்தால் யுஎஸ்பி மோட்ஸ்விட்ச் என்ற சின்ன நிரல் அந்த வேலையைச் செய்யும்.

என்னை உறுத்துவது 'பழைய', 'ஜியோ' என்ற இரண்டு சொற்கள்தான். ஜியோ 2016இல் வந்ததே 4ஜியோடு. அதற்கு 2ஜியும் கிடையாது, 3ஜியும் கிடையாது. 3ஜி டாங்கிளில் அந்த சிம்மைப் போட்டால் டவர் பக்கத்திலேயே இருந்தாலும் சிக்னல் பிடிக்காது. ஏர்டெல்லும் 3ஜியை நிறுத்தி வருஷங்கள் ஆகிவிட்டன. அந்த சிம் போட்டால் 2ஜியில் ஊர்ந்துகொண்டிருக்கும். டாங்கிளின் பின்பக்கத்தையோ அட்டைப்பெட்டியையோ பாருங்கள். 7.2, 14.4, 21.6 எம்பிபிஎஸ் என்று போட்டிருந்தால் 3ஜி. எல்டிஇ என்றோ 150 எம்பிபிஎஸ் என்றோ இருந்தால் 4ஜி.

தங்கச்சிமடத்தில் என் அக்கா மகளுக்குக் கல்லூரி விண்ணப்பம் போட உட்கார்ந்தது கடைசி நாளுக்கு முந்தின ராத்திரி. இதே மாதிரி இரவல் டாங்கிள். டிரைவரை அழிப்பதும் திரும்பப் போடுவதுமாக நடுராத்திரி வரை மல்லுக்கட்டினேன். "மாமா, நாளைக்கு முடிஞ்சிருமே" என்று அவள் விசும்பிக்கொண்டே இருந்தாள். விடிந்ததும் முதல் பஸ்ஸில் ராமநாதபுரம் போய் ஒரு பிரவுசிங் சென்டரில் அனுப்பினோம். லேப்டாப்பில் ஒரு கோளாறும் இல்லை, டாங்கிள் 3ஜி என்று பிறகுதான் தெரிந்தது. அந்த ராத்திரி இன்னொரு பிள்ளைக்கு வரக் கூடாது, அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

டாங்கிள் 4ஜியாக இருந்தால் மீதி சுலபம். மென்பொருளில் புது புரொஃபைல் திறந்து ஏபிஎன் (சிம் நிறுவனத்தின் நெட் வாசலுக்கு உள்ள பெயர்) என்ற கட்டத்தில் ஜியோநெட் என்று ஆங்கிலச் சின்ன எழுத்தில், இடைவெளி விடாமல் அடியுங்கள். பிஎஸ்என்எல் சிம் என்றால் பிஎஸ்என்எல்நெட். டயல் எண் கேட்டால் ஸ்டார் 99 ஹேஷ். பயனர் பெயரும் கடவுச்சொல்லும் வேண்டாம். சில ஹுவாவே டாங்கிள்களில் மென்பொருளே தேவைப்படாது, பிரவுசரில் 192.168.8.1 அடித்தால் அமைப்புப் பக்கம் வரும்.

நம் கரையில் இன்னும் இரண்டு விஷயம் உண்டு. தகரக் கூரை சிக்னலை நன்றாகவே தடுக்கும். டாங்கிளை லேப்டாப்பில் நேராகச் செருகாமல் ஒரு யுஎஸ்பி எக்ஸ்டென்ஷன் ஒயர் வாங்கி ஜன்னல் ஓரம் கொண்டுபோங்கள். ஒயர் குட்டையாக இருப்பதே நல்லது, நீளம் கூடினால் டாங்கிளுக்குக் கரண்ட் குறையும். அடுத்தது உப்புக்காற்று. கச்சான் என்ற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் ஜன்னலிலேயே விட்டுவைத்தால் செருகும் முனையில் பச்சை பூத்துவிடும். வேலை முடிந்ததும் உலர்ந்த துணியால் துடைத்து மூடியுள்ள டப்பாவில் போடுங்கள்.

தனுஷ்கோடிப் பக்கம் எடுத்துப் போனால் மட்டும் ரோமிங்கை அணைத்துவிடுங்கள், அங்கே இலங்கை டவரின் சிக்னலும் எட்டும்.

நெட் வந்ததும் விண்டோஸில் அந்த இணைப்பை 'மீட்டர்ட்', அதாவது டேட்டாவை அளந்து செலவழிக்க வேண்டிய இணைப்பு, என்று மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் அப்டேட் இறங்கியே அன்றைய டேட்டா தீர்ந்துவிடும்.

பின்பக்கம் என்ன எண் போட்டிருக்கிறது என்று பார்த்து எழுதுங்கள், எந்த சிம் சேரும் என்று சொல்கிறேன்.