சரிவுப் பாதை போட்டால் போதுமா?

கேள்வி: மாற்றுத்திறனாளிகளுக்கு இருக்கும் தடைகளை நீக்க எங்கள் அலுவலகத்தில் திட்டம் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: வாசலிலிருந்து. ஆனால் சக்கர நாற்காலியில் வருகிறவர் ஒருவரையும் கூட வைத்துக்கொள்ளுங்கள். நானும் அப்படி வருகிறவள்தான். ஓரிடத்தில் 1 அடி உயரத்துக்கு 12 அடி நீளம் என்று கணக்குப் பிசகாமல் சரிவுப் பாதை போட்டிருந்தார்கள். மேலே ஏறினால், கதவு வெளிப்பக்கம் திறக்கிறது! இழுத்துத் திறக்க நான் பின்னால் நகர வேண்டும், பின்னால் சரிவு. நாற்காலி நிற்க ஒரு சமதளம் விட்டிருந்தால் தீர்ந்திருக்கும்.

அப்புறம், படிக்கட்டு மட்டும்தான் தடை என்று நினைக்காதீர்கள். திரைவாசிப்பானால் (பார்வையற்றவருக்குத் திரையில் இருப்பதை வாசித்துக் காட்டும் மென்பொருள்) படிக்க முடியாத, ஸ்கேன் செய்த விண்ணப்பம், எழுத்து வரிகள் இல்லாத பயிற்சி வீடியோ, ‘போனில் மட்டும் தொடர்புகொள்ளவும்’ என்ற அறிவிப்பு (காது கேளாதவர் என்ன செய்வார்?) எல்லாமே தடைதான். இவற்றுக்குப் பெரிய செலவில்லை, முதலில் முடித்துவிடுங்கள். லிஃப்ட் போன்றவற்றுக்கு ஆண்டுவாரியாகப் பணம் ஒதுக்கி, பொறுப்பாளர் பெயரையும் தேதியையும் எழுதுங்கள். பெயர் போடாத வேலை எந்த அலுவலகத்தில் நடந்திருக்கிறது?

எங்களைக் கலந்தாலோசித்து முடிவெடுக்கும்படி, 2006-ல் ஐ.நா. ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை அரசுகளுக்கே சொல்கிறது. நீங்களும் வரைபடம் பென்சிலில் இருக்கும்போதே கூப்பிடுங்கள். திறப்பு விழாவுக்கு வேண்டாம்.