மாத்திரை எட்டு மணிக்கு, சாப்பாடு ஒன்பதே முக்காலுக்கு

மடிப்பாக்கத்துல இருந்து ஒரு வாசகி எழுதியிருக்காங்க. அவங்க கேள்வி சுருக்கமா:

"டூ பெட்ரூம் ஃபிளாட், அஞ்சு பேர் இருக்கோம் டாக்டர். வீட்டுக்காரருக்கு நைட் ஷிஃப்ட், சாயங்காலம் அஞ்சரைக்கு கிளம்பினா விடியகாலை நாலரைக்குதான் வருவார். எனக்கு அண்ணா சாலையில பேங்க் வேலை, மெட்ரோ பள்ளத்தை எல்லாம் தாண்டி வீடு வந்து சேர எட்டாயிடும். அத்தைக்கு சுகர், எட்டு மணிக்கு மாத்திரை போட்டுட்டு நான் சமைச்சு முடிக்கிற வரைக்கும் எனக்காக காத்திருப்பாங்க, நாங்க சாப்பிடறப்போ ஒன்பதே முக்கால். அதுக்குள்ள தினமும் ஒரு சண்டை, ஒன்பது மணி ஆனா போதும் சின்ன விஷயத்துக்கு கூட சிடுசிடுன்னு விழறாங்க, கை நடுங்குது, 'எனக்கு படபடன்னு வருது, உங்க யாருக்கும் அக்கறை இல்ல'ன்னு அழறாங்க. பையன் நாலாவது, மொபைல் இல்லாம வாயை திறக்க மாட்டான். பொண்ணு ஒன்பதாவது, ரூம் கதவை சாத்தினா சாத்தினதுதான். குடும்பம் முழுக்க ஹோலிஸ்டிக்கா ஆரோக்கியமாக ஒரு ஆன்லைன் கோர்ஸ் இருக்காம், 18,000 ரூபா. சேரலாமா? எங்கிருந்து ஆரம்பிக்கிறது?"

அம்மா, கோர்ஸை கடைசியில பாப்போம். உங்க லெட்டர்ல நீங்க போற போக்குல எழுதின ஒரு வரிதான் என்னை நிமிர்ந்து உக்கார வெச்சது, எட்டு மணிக்கு மாத்திரை, ஒன்பதே முக்காலுக்கு சாப்பாடு. ஒன்பது மணிக்கு வர்ற அந்த கோவத்தை நீங்க மாமியார் மருமக பிரச்சனைன்னு நினைச்சுக்கிட்டு இருக்கீங்க, எனக்கு என்னமோ அது சுகர் இறங்கற நேரமா இருக்கும்னு தோணுது. கிளிமிபிரைடு மாதிரி சில மாத்திரைங்க, சாப்பிட்டாலும் சாப்பிடலைன்னாலும் உடம்பை இன்சுலின் சுரக்க வெச்சிடும், சாப்பாடு தள்ளிப்போனா ரத்தத்துல சர்க்கரை கிடுகிடுன்னு இறங்கும். அப்ப வர்றது என்னன்னா கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, எரிச்சல், சில பேருக்கு காரணமே இல்லாம அழுகை. பசி வந்தா பத்தும் பறந்து போகும்னு பெரியவங்க சும்மா சொல்லல. மெட்ஃபார்மின் மட்டும் போடறவங்களுக்கு இப்படி இறங்கறது அபூர்வம், அதனால அத்தையோட மருந்து சீட்டுல என்ன மாத்திரை எழுதியிருக்குன்னு பாக்கணும்.

இன்னிக்கே செய்ய வேண்டியது: அந்த படபடப்பு வர்றப்போ குளுக்கோமீட்டர்ல ஒரு தடவை குத்திப் பாருங்க. 70-க்கு கீழ இருந்தா மூணு டீஸ்பூன் சர்க்கரையை தண்ணியில கரைச்சு குடிக்க வைங்க, 15 நிமிஷம் கழிச்சு மறுபடி பாருங்க, ஏறலைன்னா இன்னொரு தடவை, ஏறினதும் சாப்பாடு. மயங்கிட்டாங்கன்னா வாயில எதையும் ஊத்தாதீங்க, 108-ஐ கூப்பிடுங்க. மாத்திரையை நீங்களா குறைக்கவோ நிறுத்தவோ கூடாது, அது அவங்களை பாக்குற டாக்டர் வேலை. நீங்க செய்யக்கூடியது, மாத்திரையையும் தட்டையும் பக்கத்துல பக்கத்துல கொண்டு வர்றது.

இங்கதான் சிக்கல், ஏன்னா "மருமக வராம நான் எப்படி சாப்பிடறது"ன்னு அவங்க நினைக்கிறது அன்பு. அதை "நீங்க பாட்டுக்கு சாப்பிடுங்க அத்தை"ன்னு வெடுக்குன்னு சொன்னா ஒதுக்கிட்ட மாதிரி ஆயிடும். "பையனுக்கு எட்டு மணிக்கு நீங்கதான் கம்பெனி, அவனை உக்கார வெச்சு நீங்களும் சாப்பிடுங்க"ன்னு ஒரு பொறுப்பா கொடுத்துப் பாருங்க. சமையல் எட்டு மணிக்கு மேலதான் ஆரம்பிக்கும்னா இது நடக்காது, அதனால உங்க வீட்டுக்காரர் கிளம்பறதுக்கு முன்னாடி சாம்பாருக்கு காய் நறுக்கி குக்கர் வெச்சிட்டு போகட்டும். மத்தியானம் எழுந்துக்கிற மனுஷனுக்கு இது பெரிய விஷயமே இல்ல, கேக்குறதுக்குத்தான் நமக்கு தயக்கம். எட்டு மணிக்கு இட்லியை ஊத்த பெரியவளே போதும்.

தட்டை பத்தி ரொம்ப நீட்ட மாட்டேன். சென்னையில ராத்திரின்னா இட்லி தோசைதான், அத்தைக்கு அஞ்சு தோசையும் தேங்கா சட்னியும்னு போனா அது முக்கால்வாசி அரிசி. மூணு இட்லி, காய் நிறைய போட்ட சாம்பார், ஒரு கிண்ணம் பொரியல், அதுலயும் பொரியலை முதல்ல சாப்பிட சொல்லுங்க, காய் முன்னாடி போனா சுகர் ஏறுற வேகம் குறையும். ஹைதராபாத்ல இருக்கிற தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல விட்ட வழிகாட்டியும் தட்டுல பாதி காயும் பழமும் இருக்கட்டும்னுதான் சொல்லுது. உப்புக்கு ஒரு கணக்கு சொல்றேன், ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்கு கீழங்கிறது உலக சுகாதார நிறுவனம் சொல்ற அளவு, அஞ்சு பேருக்கு மாசம் 750 கிராம், அதுவும் ஊறுகா, அப்பளம், சிப்ஸ், ஹோட்டல் சாப்பாடு எல்லாம் சேர்த்து. உங்க வீட்டு ஒரு கிலோ உப்பு பாக்கெட் எத்தனை நாள் வருதுன்னு பாருங்க.

இப்ப பையன். ஒன்பதே முக்காலுக்கு சாப்பிட்டு பத்தே முக்காலுக்கு படுத்தா, ஸ்கூல் வேனுக்காக ஆறேகாலுக்கு எழுப்பறப்போ அவன் தூங்கினது ஏழரை மணி நேரம். அவன் வயசுக்கு 9-ல இருந்து 12 மணி நேரம் வேணும். தூக்கம் பத்தாத குழந்தை காலையில சாப்பிடாது, சாயங்காலம் சிணுங்கும், நாம மொபைலை கொடுத்து வாயை அடைப்போம். மொபைல் பாத்துக்கிட்டே சாப்பிட்டா வயிறு நிறைஞ்சது கூட அவனுக்கு தெரியாது. ஆறு மணிக்கு சிப்ஸ் பாக்கெட்டும் மால்ட் பவுடர் போட்ட பாலும் குடிச்சிருந்தான்னா எட்டு மணிக்கு பசி எங்கிருந்து வரும்? (அந்த பவுடரை ஹெல்த் டிரிங்க்னு நம்பி வாங்குறோம், நம்ம உணவு சட்டத்துல ஹெல்த் டிரிங்க்னு ஒண்ணே கிடையாது, 2024 ஏப்ரல்ல மத்திய வர்த்தக அமைச்சகமே ஆன்லைன் கடைங்களை அந்த பேர்ல இதையெல்லாம் விக்காதீங்கன்னு சொல்லிச்சு.) நாலரைக்கு சுண்டல், அப்புறம் ஒரு மணி நேரம் கீழ போய் விளையாட்டு, எட்டுக்கு சாப்பாடு, ஒன்பதுக்கு லைட் ஆஃப். முதல் நாலஞ்சு நாள் மொபைல் இல்லாம சாப்பிட மாட்டேன்னு எழுந்து போவான், போகட்டும், பின்னாடி தட்டை தூக்கிக்கிட்டு ஓடாதீங்க. அத்தைக்கு மனசு கேக்காது, அவங்ககிட்ட முன்னாடியே சொல்லி வைங்க.

எட்டரைக்கு அத்தையும் பேரனும் மொட்டை மாடியில பத்து பதினஞ்சு நிமிஷம் நடக்கட்டும். அவங்களுக்கு சாப்பிட்டப்புறம் ஏறுற சுகர் குறையும், அவனுக்கு கதை கிடைக்கும்.

வீட்டுக்காரர் இல்லாம என்ன குடும்ப சாப்பாடுன்னு கேப்பீங்க. ராத்திரி சாப்பாடாதான் இருக்கணும்னு யார் சொன்னா? நாலரை மணி சுண்டலை அவர், அத்தை, பசங்க ரெண்டு பேர் சேர்ந்து சாப்பிடலாம், நீங்க இல்லாத குறையை ஞாயித்துக்கிழமை மத்தியானம் அஞ்சு பேரும் தீர்த்துக்கலாம். அவர் தூங்குற ரூமுக்கு தடிமனா கர்ட்டன் போடுங்க, பகல் வெளிச்சத்துல வர்ற தூக்கம் ஆழமா இருக்காது. ஷிஃப்ட்ல பின்பாதியில காபி வேண்டாம்னு சொல்லுங்க, குடிச்ச காஃபீன்ல பாதி அஞ்சு மணி நேரம் கழிச்சும் உடம்புல இருக்கும், படுத்து புரண்டுக்கிட்டு இருந்துட்டு மத்தியானம் பசங்க மேல எரிஞ்சு விழறது அதனால கூட இருக்கலாம்.

பொண்ணு கதவை சாத்துறது எனக்கு பெரிய கவலையா தெரியல, பதினாலு வயசுக்கு ஒரு கதவு தேவைதான். அவ கூட எதிர்ல உக்காந்து "என்ன பிரச்சனை, சொல்லு"ன்னு கேட்டா போலீஸ் விசாரணை மாதிரி இருக்கும். ஞாயித்துக்கிழமை காலையில ஹால்ல பழைய பேப்பரை விரிச்சு ரெண்டு கட்டு முருங்கைக்கீரையை போட்டு அத்தை, நீங்க, அவ மூணு பேரும் ஆய உக்காருங்க. முருங்கைக்கீரை சட்டுனு முடியாது, ஒவ்வொரு காம்பா உருவணும், பழுத்த இலையை தள்ளணும், கண்ணு கீரையில இருக்கும், யாரும் யார் மூஞ்சையும் பாக்க வேண்டாம். பத்து நிமிஷம் பேச்சே இருக்காது, நீங்களும் ஆரம்பிக்காதீங்க. அத்தை அவங்க சின்ன வயசு கதையை எடுப்பாங்க, அவ சிரிப்பா, அப்புறம் அவளா "அம்மா, எங்க கிளாஸ்ல ஒருத்தி..."ன்னு ஆரம்பிப்பா. அந்த ஒருத்தி பல நேரம் அவளேதான். அப்ப அட்வைஸை ஆரம்பிச்சிடாதீங்க, "அப்புறம்?"னு மட்டும் கேளுங்க. என் வீட்டுல இதை கத்துக்க எனக்கே ரெண்டு வருஷம் ஆச்சு.

அவ எப்பவும் சோர்வா இருக்கான்னா ஹீமோகுளோபின் பாத்துடுங்க, 12-க்கு கீழன்னா ரத்தசோகை, நம்ம ஊர்ல பொண்ணுங்களுக்கு இது ரொம்ப சாதாரணம். சாப்பிட்ட உடனே டீ காபி வேண்டாம், இரும்புச்சத்தை உடம்புல சேர விடாது, ஒரு மணி நேரம் தள்ளி குடிக்கட்டும். கீரையை இறக்கினப்புறம் எலுமிச்சை பிழிஞ்சுக்கோங்க. ராத்திரி எல்லார் போனும் கிச்சன்ல சார்ஜ் ஆகட்டும், உங்க போனும் சேர்த்து, இல்லன்னா அவ முதல்ல கேக்குற கேள்வியே அதுதான். ஆனா வாரக்கணக்கா சாப்பாடு தூக்கம் ரெண்டும் இல்லாம, எதுலயும் ஆசை இல்லாம இருந்தாலோ, செத்துடலாம்ங்கிற மாதிரி ஒரு வார்த்தை வந்தாலோ கீரைக்கெல்லாம் காத்திருக்காதீங்க, 14416-க்கு கூப்பிடுங்க, அது டெலி மானஸ்ங்கிற அரசு மனநல உதவி எண், ராத்திரி பகல் எந்நேரமும் தமிழ்லயே பேசலாம், இலவசம். அன்னிக்கே டாக்டர்கிட்டயும் கூட்டிட்டுப் போங்க.

கோர்ஸுக்கு வர்றேன். இப்போதைக்கு வேண்டாம். அந்த காசுல ஒரு குளுக்கோமீட்டர், ஸ்ட்ரிப் டப்பா, கர்ட்டன், பொண்ணுக்கு ரத்த டெஸ்ட், இது அத்தனையும் போக பாதிக்கு மேல மிச்சம் இருக்கும். எல்லாத்தையும் ஒரே வாரத்துல மாத்தப் போகாதீங்க, வீடே எதிர்க்கட்சி ஆயிடும். இந்த வாரம் ஒண்ணே ஒண்ணு: அத்தையோட மாத்திரை அட்டையையும் சாப்பாட்டு நேரத்தையும், படபடப்பு வந்தப்ப மீட்டர் காட்டின நம்பரையும் எழுதி எடுத்துக்கிட்டு அவங்க டாக்டரை போய் பாருங்க. பையன் மொபைல் அடுத்த வாரம்.