உலக்கையை நிறுத்திப் பார்த்தவன் சொல்கிறேன்

கேள்வி: முகம் தெரியாதவர்களோடு இணையத்தில் அரசியல், மதம், அறிவியல் என்று வாதம் செய்வதால் யாருக்காவது பயன் உண்டா? உங்கள் அனுபவம் என்ன?

நடு இரவில் யாருக்கோ நாலு பத்தி எழுதி, அவர் பதிலுக்கு ஒரே ஒரு சிரிப்புப் பொம்மையைப் போட்டுவிட்டுப் போன கடுப்பில்தான் இதைக் கேட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அப்படி இல்லையென்றால் மன்னிக்கவும். எனக்கு அப்படித்தான் ஆயிற்று.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் நாத்திகன் இல்லை. தைப்பூசத்துக்கு மலேசியாவில், எங்கள் பினாங்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலில் பால்குடம் எடுப்பவன். கிரகணத்தன்று கோயில் நடை சாத்துவதையும் நான் குறை சொல்லவில்லை. கீழே எழுதியிருப்பதைப் படித்துவிட்டு ‘இந்துக்களை மட்டும் கேட்பாயா’ என்று வருபவர்கள், தயவுசெய்து இந்தப் பத்தியை இன்னொரு முறை படிக்கவும்.

2019 டிசம்பர் 26, வியாழக்கிழமை. கங்கணச் சூரிய கிரகணம். தமிழ்நாட்டில் கோவை, திண்டுக்கல் பக்கம் முழு வளையம் தெரிந்தது. அப்புறம் சிங்கப்பூரிலும் இங்கே ஜொகூரில் தஞ்சோங் பியாயிலும். பினாங்கில் எங்களுக்குக் கடித்த பிஸ்கட் மாதிரிதான் தெரிந்தது. நான் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை செய்கிறேன். அன்றைக்கு விடுப்பு. காலையிலிருந்தே குடும்பப் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் உலக்கைப் படங்கள் வந்துகொண்டிருந்தன. தாம்பாளத்தில் மஞ்சள் தண்ணீர், நடுவில் செங்குத்தாக உலக்கை. கிரகணம் பிடித்திருக்கும்வரை நிற்குமாம், விட்டதும் தானாக விழுந்துவிடுமாம். நம் முன்னோர் கண்ட கிரகணமானி என்று கீழே எழுதியிருந்தது. மலாய்க்காரர்கள், சீனர்கள் பக்கத்தில் முட்டை நின்றுகொண்டிருந்தது, அது வேறு கதை.

குடும்பக் குழுவில் நான் வாயைத் திறக்கவில்லை. அங்கே திறந்தால் அடுத்த கல்யாணத்தில் பந்தியில் உட்கார முடியாது. அந்தக் கடுப்பை எல்லாம் முகநூலில் ஒரு பொதுப் பதிவின் கீழே கொட்டினேன். “இதெல்லாம் ஏமாற்று வேலை. பின்னால் நூல் கட்டியிருப்பார்கள், அல்லது பசை” என்று எழுதினேன்.

இந்த வரியை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நான் செய்த தப்பு இதுதான்.

வேல் படத்தை முகப்பில் வைத்திருந்த ஒருவர் பதில் போட்டார். ஊர் கோவை என்று இருந்தது, ஆகவே கோவைக்காரர் என்றே வைத்துக்கொள்வோம். “ஐயா, எங்கள் வீட்டில் என் கையால் நிறுத்தினேன். நூலும் இல்லை, பசையும் இல்லை. நீங்கள் நிறுத்திப் பார்த்தீர்களா?” என்று கேட்டார்.

நான் எங்கே நிறுத்தினேன்? உடனே அறிவியலுக்குத் தாவினேன். சூரியனும் சந்திரனும் ஒரே பக்கம் நின்று இழுத்தாலும் ஒரு பொருளின் எடையில் வரும் மாற்றம் ஒரு கோடியில் இரண்டு பங்குகூட இல்லை. ஐந்து கிலோ உலக்கை என்றால் ஒரு மில்லிகிராமுக்கும் குறைவு. ஒரு அரிசி மணியே இருபது மில்லிகிராம் கிட்ட வரும். அதுவும் இல்லாமல் மாதாமாதம் அமாவாசைக்கு இரண்டும் ஒரே பக்கம்தான் நிற்கின்றன. சந்திரன் சுற்றும் பாதை ஐந்து பாகை சாய்ந்திருப்பதால் நிழல் மட்டும் பூமிக்கு மேலேயோ கீழேயோ போய்விடும், இழுப்பு ஏறக்குறைய அதேதான். கிரகணத்தில் நிற்கிற உலக்கை எல்லா அமாவாசைக்கும் நிற்க வேண்டுமே, ஏன் யாரும் படம் போடுவதில்லை என்று கேட்டேன். என்னைப் பொறுத்தவரை வாதம் அங்கேயே முடிந்தது.

அவரைப் பொறுத்தவரை முடியவில்லை. “கணக்கு இருக்கட்டும். மலேசியாவில் உட்கார்ந்துகொண்டு உங்களுக்குத் தமிழ் மரபு என்ன தெரியும்? சினிமா பார்த்துக் கற்ற தமிழ்தானே?” என்று எழுதினார்.

கிரகணம் எக்கேடு கெட்டால் என்ன, இதற்கு நான் பதில் சொல்லியே ஆக வேண்டும். பினாங்கில் தமிழ் வகுப்பு தொடங்கியது 1816-இல், பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில். இருநூறு ஆண்டு நிறைவை 2016-இல் கொண்டாடினோம். இன்றைக்கும் அரசாங்கப் பாடத்திட்டத்தில் 500-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இங்கே நடக்கின்றன. ஆறாம் ஆண்டுவரை கணிதமும் அறிவியலும் தமிழில் படித்தவன் நான். ஒளிச்சேர்க்கை என்ற சொல்லைப் படித்த பிறகுதான் அதற்கு மலாய்ச் சொல் எனக்குத் தெரியும். ஆனால் சென்னை விமான நிலையத்தில் வாயைத் திறந்தால் போதும், “அட, தமிழ் நல்லா பேசறீங்களே!” நான் என்ன கிளியா? பசியாறிவிட்டீர்களா என்று கேட்டால் சிரிக்கிறார்கள். அதைவிட நல்ல சொல் காலை உணவுக்கு எங்கே இருக்கிறது? அவர்கள் பிரேக்ஃபாஸ்ட் சாப்பிடுவார்களாம், நாம் பசியாறினால் அது கொச்சையாம். சரி, கேள்விக்கு வருகிறேன்.

அன்று இரவு சாப்பாடு இறங்கவில்லை. என்னை உறுத்தியது அந்தச் சினிமாத் தமிழ் மட்டும் இல்லை. அவர் கேட்ட முதல் கேள்வி நியாயமான கேள்வி. தொழிற்சாலையில் ஒரு பையன் அளந்து பார்க்காமல் கையெழுத்துப் போட்டால் அவனை நிற்கவைத்துக் கேட்பவன் நான். இங்கே வாழ்நாளில் உலக்கையைத் தொட்டுப் பார்க்காமல் நூல், பசை என்று தீர்ப்பு எழுதியிருக்கிறேன்.

நிறுத்திப் பார்த்துவிடலாம் என்றால் உலக்கைக்கு எங்கே போவது? ஜெலுத்தோங் அடுக்குமாடியில் எட்டாவது மாடி. வீட்டில் இருப்பது சாம்பாலுக்கு இடிக்கும் சின்னக் கல்லுரலும் குழவியும்தான். லிட்டில் இந்தியாவில் இரண்டு பாத்திரக் கடையில் கேட்டேன். ஒருவர் முழங்கை நீளத்தில் பித்தளையில் ஒன்றைக் காட்டி, கொலுவுக்கு வைக்கலாம் என்றார். கடைசியில் அக்கரையில் புக்கிட் மெர்தாஜாம் பக்கம் ஒரு கோயிலில், நலங்குச் சடங்குக்கு என்று ஒன்று வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். கோயில் தலைவர், “எதுக்கு தம்பி, வீட்டுல விசேஷமா?” என்றார். ஆராய்ச்சிக்கு என்று சொல்ல வெட்கமாக இருந்தது. தங்கச்சிக்கு என்றேன். எனக்குத் தங்கச்சி கிடையாது.

மைவி காரில் பின்சீட்டை மடக்கிப் படுக்கவைத்தும் நுனி கியர் பக்கம் வந்து நின்றது. அதோடு பாலம் கடந்து, 7 வெள்ளி (ரிங்கிட்) டோல் கட்டி, மின்தூக்கியில் குறுக்கே பிடித்துக்கொண்டு ஏறியபோது கீழே இருந்த ஜாகா (காவலாளி) என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

29-ஆம் தேதி, ஞாயிறு. வீட்டு வாசலில் தாம்பாளம் வைத்து நிறுத்தினேன். விழுந்தது. நிறுத்தினேன். விழுந்தது. அரை மணி நேரம். கோவைக்காரர் சொன்னது உண்மையாக இருந்துவிடுமோ என்று வயிற்றைக் கலக்கிவிட்டது. சத்தம் கேட்டு எதிர்வீட்டுச் சீன அங்கிள் வந்தார். தச்சு வேலை பார்த்து ஓய்ந்தவர். விஷயத்தை மலாயில் சொன்னேன். சிரிக்கவில்லை. ஐந்தாம் மாதம் ஐந்தாம் நாள், பாச்சாங் பண்டிகையன்று உச்சிவேளையில் முட்டை நிற்கும் என்று அவர் அம்மா சொல்வாராம். உள்ளே போய் ரசமட்டம் எடுத்துவந்து தரையில் வைத்தார். குமிழ் ஒரு பக்கம் ஓடிவிட்டது. மழைத்தண்ணீர் வடிவதற்காக நடைபாதையைச் சாய்த்துத்தான் கட்டியிருக்கிறார்கள். தாம்பாளத்துக்கு அடியில் அட்டையை மடித்துக் கொடுத்துச் சமன் செய்தோம்.

நின்றது. கையை எடுத்த பிறகும் நின்றது. அடியில் இருக்கும் இரும்புப் பூண் தட்டையானது, அவ்வளவுதான் ரகசியம். உயரமாக இருப்பதால் சாய ஆரம்பித்தாலும் மெதுவாகத்தான் சாயும், அதற்குள் கையால் திருத்திவிடலாம். கிரகணத்தன்று ஏன் நிற்கிறது என்றால் அன்றைக்குத்தான் எல்லோரும் பொறுமையாக உட்கார்ந்து நிறுத்துகிறார்கள்.

உள்ளே உட்கார்ந்து தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்த அம்மா அப்போதுதான் எழுந்து வந்தார். சுங்கைப்பட்டாணி பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். “இதுக்கா மூணு நாளா போன கையில வச்சிக்கிட்டு சாப்பிடாம கிடந்த?” என்றார். லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் குடியிருப்பில், மாவு இடித்து முடித்ததும் பிள்ளைகள் யார் உலக்கை அதிக நேரம் நிற்கிறது என்று பந்தயம் வைப்பார்களாம். அவர்தான் ஜெயிப்பாராம். வலது காலால் தாம்பாளத்தைத் தள்ளிவிட்டு, வெறும் தரையில் இரண்டாவது முயற்சியிலேயே நிறுத்திக் காட்டினார், அந்தச் சாய்ந்த தரையிலேயே. எனக்குக் கோபம். “முன்னாடியே சொல்லக் கூடாதாம்மா?” “நீ எங்கடா கேட்ட?”

நான் நிறுத்திய படத்தைத் தேதியோடு கோவைக்காரருக்கு அனுப்பினேன். நூலும் பசையும் என்று எழுதியதற்கு மன்னிப்பும் கேட்டேன். அதை அவர் கண்டுகொள்ளவில்லை. அமாவாசை கழிந்து மூன்று நாள்தானே, தாக்கம் இன்னும் இருக்கும் என்றார். சரி என்று ஜனவரி 3 வரை காத்திருந்தேன். அரை நிலா. சூரியனும் சந்திரனும் செங்கோணத்தில் நிற்கும் நாள். அன்றும் நின்றது. அனுப்பினேன். அதற்கு அவர், 10-ஆம் தேதி சந்திர கிரகணம் வருகிறது, அதன் தாக்கம் முன்கூட்டியே தொடங்கிவிடும் என்றார். உண்மையாகவே அன்றிரவு புறநிழல் சந்திர கிரகணம் ஒன்று இருந்தது. மனிதர் பஞ்சாங்கத்தில் கெட்டி. இரண்டு கிரகணத்துக்கு நடுவில் என்னை மாட்டிவிட்டார். அதற்கு மேல் நான் எழுதவில்லை. கோயில் தலைவரும் தை மாதக் கல்யாணத்துக்கு உலக்கை வேண்டும் என்று இரண்டு முறை கூப்பிட்டுவிட்டார். தங்கச்சி சௌக்கியமா என்றும் கேட்டார்.

அரசியலும் மதமும் கேட்டிருந்தீர்கள். அதில் சொல்ல அதிகம் இல்லை. உலக்கையையாவது நிறுத்திப் பார்க்கலாம், அரசியலில் எதை நிறுத்துவது? 2022 நவம்பர் 19 தேர்தலில் 222 இடத்தில் பெரும்பான்மைக்கு வேண்டிய 112 யாருக்கும் கிடைக்கவில்லை. 24-ஆம் தேதி அன்வார் பிரதமராகப் பதவியேற்கும்வரை ஐந்து நாளும் எங்கள் மாமாக் கடையில் (இந்திய முஸ்லிம் உணவுக்கடை) ரொட்டி சானாய் போடுகிறவர்வரை ஆளுக்கொரு அமைச்சரவை வைத்திருந்தார்கள். நானும் முகம் தெரியாத ஒருவரோடு இரண்டு நாள் கட்டிப் புரண்டேன். இரண்டு பேர் சொன்னதும் நடக்கவில்லை. மதம் என்றால், தைப்பூசத்துக்கு முதல்நாள் ரதம் போகும் வழியில் உடைக்கும் தேங்காய் வீணா நேர்த்தியா என்று வருடா வருடம் ஒரு சண்டை. பினாங்குப் பயனீட்டாளர் சங்கமே பலமுறை குறைக்கச் சொல்லியிருக்கிறது. சீனர்களும் மலைபோல் குவித்து உடைக்கிறார்கள். என் அண்ணன் ஆண்டுக்கு 108 உடைப்பவர். அதில் நான் வாய் திறப்பதாக இல்லை.

தமிழ்நாட்டு நண்பர்கள், நீ பயந்தாங்கொள்ளி என்பார்கள். இங்கே இனம், மதம், அரச பீடம் மூன்றையும், ஆங்கிலப் பெயர்களின் முதல் எழுத்தை வைத்து, ‘மூன்று ஆர்’ என்போம். இணையத்தில் புண்படுத்தும்படி எழுதினால் பாய, தகவல் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தில் பிரிவு 233 என்று ஒன்று இருக்கிறது, 2025 திருத்தத்துக்குப் பிறகு அபராதம் 5 லட்சம் வெள்ளிவரை போகலாம். என் வீட்டுக் கடனே இன்னும் பாக்கி.

கடைசியாக ஒன்று. 2022 நவம்பர் 8 அன்று முழுச் சந்திர கிரகணம். தேர்தல் பிரச்சாரம் சூடாக இருந்த நேரம். சாயங்காலம் குடும்பக் குழுவில் சின்னம்மா ஒரு படம் அனுப்பினார். தாம்பாளம், செங்குத்தாக உலக்கை, கீழே ‘பினாங்கில் இன்று கிரகண வேளையில் நடந்த அதிசயம், பத்து பேருக்கு அனுப்பவும்’. நன்றாக உற்றுப் பார்த்தேன். பின்னால் சீன அங்கிளின் சிவப்புச் செருப்பு அலமாரி. தாம்பாளத்துக்கு அடியில் மடித்த அட்டை. நான் கோவைக்காரருக்கு அனுப்பிய படம். தேதியை மட்டும் யாரோ வெட்டியிருந்தார்கள்.

கீழே பதினேழு பேர் கும்பிடு போட்டிருந்தார்கள். அதில் ஒன்று அம்மாவுடையது. அறைக்குள் போய், “ஏம்மா?” என்றேன்.

“உன் படம்தானேடா,” என்றார். “நல்லா எடுத்திருக்க.”