மாத்திரைய ஒரு நாள் மறந்துட்டா போச்சா?

கர்ப்பத்தடை மாத்திரை எதை வாங்குறது, ஒரு நாள் மறந்தா என்ன ஆகும்னு கேட்டிருக்கீங்க.

மறக்காதவங்க யாருங்க, நானே ஒரு தடவ பட்டர்வொர்த் பெர்ரியில பாதி தூரம் போனப்புறம் ஹேண்ட்பேக்கைத் துழாவுனா செவ்வாய்க்கிழமை மாத்திரை அட்டையில அப்படியே உக்காந்துருக்கு. ஈஸ்ட்ரோஜன், புரொஜெஸ்டின்னு ரெண்டு ஹார்மோன் கலந்த மாத்திரைன்னா பதறாதீங்க, ஒண்ணுதான் விட்டிருந்தா ஞாபகம் வந்த உடனே போட்டுட்டு அன்னிக்குள்ளத வழக்கமான நேரத்துக்குப் போடுங்க, ஒரே நாள்ல ரெண்டு ஆனாலும் பரவால்ல. ரெண்டோ அதுக்கு மேலயோ விட்டாத்தான் சிக்கல், கடைசியா விட்டத மட்டும் போட்டுட்டு தொடர்ந்து 7 நாள் மாத்திரை போடுற வரைக்கும் காண்டமும் வேணும். அட்டையில ஹார்மோன் மாத்திரை 7க்கும் கம்மியா மிச்சம்னா இடைவெளி விடாம நேரா அடுத்த அட்டை. முதல் வாரத்துல விட்டு உறவும் நடந்திருந்தா அவசரக் கர்ப்பத்தடை மாத்திரை வேணுமான்னு அன்னிக்கே பார்மசியில கேளுங்க.

எதை வாங்குறதுன்னா, பக்கத்து வீட்டு அக்கா போடுறத அப்படியே கேட்டு வாங்காதீங்க லா. பிரஷர் உள்ளவங்க, ரத்தம் கட்டுன அனுபவம் உள்ளவங்க, 35 வயசுக்கு மேல சிகரெட் பிடிக்கிறவங்க, தலைவலிக்கு முன்னாடி கண்ணுல மின்னல் மாதிரி தெரியுற மைக்ரேன்காரங்க, இவங்களுக்கெல்லாம் ஈஸ்ட்ரோஜன் கலந்தது ஆகாது. புரொஜெஸ்டின் மட்டும் உள்ளது இருக்கு, தாய்ப்பால் கொடுக்கறவங்களுக்கும் அதுதான் தோது, ஆனா அதுல நேரம் ரொம்ப முக்கியம், பழைய வகைன்னா 3 மணி நேரம் தாண்டுனாலே விட்டதாக் கணக்கு. இங்க மலேசியாவுல பார்மசிஸ்ட் இருந்தா டாக்டர் சீட்டு இல்லாமலே வாங்கலாம், இருந்தாலும் முதல் தடவ அரசாங்க கிளினிக் கெசிஹாத்தான்ல பிரஷர் பார்த்துட்டு ஆரம்பிங்க. டிபிக்கு, அதாவது காசநோய்க்கு, ரிஃபாம்பிசின் மருந்து சாப்பிடுறீங்கன்னா அதையும் சொல்லிடுங்க, மாத்திரையோட வேலையக் கெடுத்துரும்.